சாமிச் சேவலும் தூண்டில் இறகும்

போன ஞாயிற்றுக்கிழமை அரசலாற்றங்கரையில் முசியே அந்துவானைப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன முசியே, சேவலுக்கும் மீன் பிடிக்கச் சொல்லித் தர்றீங்களா?"

"வீட்டுல விட்டுட்டு வந்தா நாய் புடிச்சிடுங்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா என்னை உயிரோட விடுவாங்களா?"

விட மாட்டாள். எனக்குத் தெரியும்.

அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர்; அந்த மரியாதைக்குத்தான் 'முசியே'. சைகோனில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு காரைக்கால் திரும்பினார். வந்த பிறகு இங்கே கொடி மாறிவிட்டது, ஆட்சி மாறிவிட்டது. அவருடைய தொப்பியும் தூண்டில் பெட்டியும் மட்டும் மாறவில்லை.

மண்புழு கோத்து மீன் பிடிப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. சின்னஞ்சிறு முள், அதன் கழுத்தில் மிளகளவு ஈயக்குண்டு, பின்னால் வால் மாதிரி கொஞ்சம் இறகோ முடியோ வைத்து நூலால் இறுகக் கட்டுவார். தண்ணீரில் இழுத்தால் மீன் அதைப் பூச்சி என்று நம்ப வேண்டும். விரல் நீளக் கெண்டையை ஏமாற்ற இவ்வளவு பாடா? கேட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம், இந்த இறகு பார்ப்பது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நனைத்து, மேலே இழுத்து, கீழே விட்டுப் பார்ப்பார். இழுத்தால் ஒடுங்க வேண்டும், விட்டால் விரிய வேண்டும். "மூச்சு விடணுங்க" என்பார். காக்கை இறகு விறைப்பு - தள்ளுபடி. எருமை வால் முடி துடைப்பக்குச்சி - தள்ளுபடி. அணில் வால் முடி பரவாயில்லை. ஆட்டுத்தாடி, வெள்ளாடாக இருந்தால் யோசிக்கலாம். ஒருநாள் என் மனைவியின் சவுரியைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனிதத் தலைமுடி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், உதவாது என்று அவரே தீர்ப்புச் சொன்னதால் எங்கள் நட்பு பிழைத்தது.

கடைசியில் அவர் மனம் ஒன்றில்தான் போய் நின்றது... செவலைச் சேவலின் கழுத்து இறகு. வயதான சேவலாக, நன்றாகத் தீனி தின்றதாக இருக்க வேண்டும். காரைக்காலில் அப்படி எங்கே கிடைக்கும்? இங்கே சேவலுக்கு வயதாகும்வரை யார் பொறுத்திருக்கிறார்கள்?

என் அக்காவை விழிதியூரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டில் கோழிகள் உண்டு. சும்மா இருந்த சங்கை நான்தான் ஊதினேன். ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

அக்கா தடபுடலாகச் சமைத்துப் போட்டாள். சாப்பிட்டு நான் கண்ணயர்ந்தேன். அந்துவான் அடுப்படி வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்: "கொஞ்சம் கோழி இறகு எடுத்துக்கலாங்களா?"

"அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்குங்க" என்றிருக்கிறாள் அக்கா. கூண்டடியில் உதிர்ந்து கிடப்பதைத்தான் அவள் சொன்னாள். உதிர்ந்ததைப் பொறுக்கவா முசியே இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தார்?

அக்காவின் அலறலில்தான் நான் விழித்தேன். கொல்லையில் ஒரு செவலைச் சேவல், கழுத்து மொட்டையாக நின்றது. அந்துவான் கையில் பிடி இறகு. கூடவே, சேவலின் காலில் கட்டியிருந்த மஞ்சள் நூல். "நூலும் நல்ல கெட்டிங்க" என்றார், சந்தோஷமாக.

அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

அக்கா மகள் தனத்துக்குப் போன தடவை கர்ப்பம் தங்கவில்லை. இந்தத் தடவை நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் சேவல் கொடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டு, கையால் தீனி போட்டு வளர்த்தது. ஊனமில்லாமல் கொடுக்க வேண்டும். தனத்துக்கோ மாதம் நெருங்கிவிட்டது.

பூசாரி வந்து பார்த்தார். "குறைப்பட்டது சாமிக்கு ஆகாது. வேற ஒண்ணு வளருங்க. இதை வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது. யாரு குறை வச்சாங்களோ அவங்களே வச்சுக் காப்பாத்தட்டும்."

அப்படித்தான் சேவல் சைக்கிளில் காரைக்காலுக்கு வந்தது. அந்துவான் அந்த இறகில் ஒரு தூண்டில் கட்டினார். தண்ணீரில் பூ மாதிரி விரிந்ததாம். மீன்கள் பார்த்து ரசித்துவிட்டுப் போய்விட்டன. இப்போது சேவலுக்குப் புது இறகு பளபளவென்று முளைத்திருக்கிறது. தினமும் பார்க்கிறார், தொட முடியவில்லை. பாவம்.

ஆனால் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்த வாசப்படி மிதிக்காத தம்பி" என்றாள். நேர்த்திக்கடன், குறி, தாயத்து எல்லாவற்றையும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சேவல் கழுத்துக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடமும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது.

தனத்துக்கு வலி கண்டதும் ஆள் வந்து சொன்னான். மருத்துவச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். மத்தியானம் முழுக்க வாசலில் நின்றேன். உள்ளே அந்தப் பெண் கத்தினாள். பிறகு கத்தல் நின்றது. அழுகுரல் ஏதும் கேட்கவில்லை. அக்காவும் வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எந்த வாதமும் நினைவுக்கு வரவில்லை. உதடு மட்டும் தானாக முனீஸ்வரனிடம் ஏதோ முணுமுணுத்தது.

கொஞ்சம் பொறுத்துக் குழந்தை வீறிட்டது. அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேத்தி பொறந்திருக்கா தம்பி, ரெண்டு உசிரும் நல்லாருக்கு." அவளும் அழுதாள், நானும் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது என் வீட்டுக் கொல்லையில் ஒரு செவலைச் சேவல்குஞ்சு மேய்கிறது. எதற்கு என்று மனைவி கேட்டாள். குழம்புக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

பகுத்தறிவு அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்... முசியே வாசலில் சைக்கிள் மணி அடித்தால், முதல் வேலையாகக் குஞ்சைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்துவிடுகிறேன்!