சிரிக்காமல் செத்தவர்

போன வாரம் பொம்மனஹள்ளியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் ஹாலில் நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில், செத்துப்போன மாமனாரின் படம் தொங்கியது. சந்தன மாலை, கண்ணாடியில் வைத்த குங்குமப் பொட்டு, கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. போட்டோவில் இருந்த காக்கிச் சட்டையின் மேல் யாரோ கறுப்புக் கோட்டு வரைந்திருந்தார்கள். மீசையை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த மீசையை எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் மெழுகு தடவி முறுக்கிவிட்டவன் நான். "யாருப்பா இது? எந்த சீரியலைப் போட்டாலும் இவரையே மாட்டி வெச்சிருக்காங்க" என்றாள் மகள். பெரிய ஆக்டர் என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவள் சிரித்தாள்.

நான் மேக்கப்காரன். பெங்களூரில் எடுத்த கன்னட சீரியல்களில் கண்டவர் முகத்துக்கெல்லாம் பவுடர் போட்டே தலை நரைத்தவன். படத்தில் இருப்பவரை நாங்கள் சாகேப் என்று கூப்பிடுவோம். போலீஸ் அதிகாரியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்த ஒரு போலீஸ் சண்டை சீரியலுக்கு அவர்தான் ஹீரோ. ஆள் கன்னடத்துக்காரர் இல்லை, எங்கள் நீலசந்திரா ஏரியாத் தமிழர்தான். அப்போது என் வீட்டுக்கு அடுத்த தெரு, என் மகள் பிறக்காத காலம். ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவரை, உயரத்தையும் மீசையையும் பார்த்து யாரோ ஷூட்டிங்குக்கு அழைத்து வந்தார்கள். அடியாட்களில் ஒருவராக நிற்க வந்தவர், அன்று வரவேண்டிய ஹீரோ வராததால் ஹீரோவாகி வீட்டுக்குப் போனார். மறுவாரமே கம்பெனி வேலையை விட்டுவிட்டார். அவர் மனைவி அழுது பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். "அடிக்கிற கை இனிமே வெல்டிங் ராடு புடிக்காது" என்று சாகேப் சொல்லிவிட்டாராம். சீரியல் வசனத்தை வீட்டிலும் பேச ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த நாட்களில் அவரோடு தெருவில் நடக்க முடியாது. பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். ஒருமுறை சிக்னலில் நின்றிருந்த நிஜமான டிராஃபிக் கான்ஸ்டபிள், பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்துவிட்டுப் பிறகு அசடு வழிந்தார். சாகேப்புக்குத் தலைகால் புரியவில்லை. எங்கேயும் சிரிக்கமாட்டார். சிரித்தால் கெத்து போய்விடும் என்று ஓர் எண்ணம். மேக்கப் போடும்போது நான் என்ன ஜோக் அடித்தாலும் மீசை அசையாது. உள்ளுக்குள் சிரிக்கிறார் என்பது தொண்டைக்குழி ஏறி இறங்குவதில்தான் தெரியும்.

ஆனால் உழைப்பாளி. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். சினிமாவில் ஹீரோ குதிக்க வேண்டுமென்றால் டூப் குதிப்பான். சீரியலில் ஹீரோதான் குதிக்க வேண்டும். கீழே காலி அட்டைப்பெட்டிகள், அதன்மேல் ஒரு பழைய மெத்தை, மற்றது ஆண்டவன் விட்ட வழி. அப்படி மூடிக்கிடந்த ஒரு ஃபேக்டரியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்தபோது மெத்தை நழுவிவிட்டது. முட்டி போயிற்று. வலியை வெளியே காட்டாமல் அடுத்த ஷாட்டையும் முடித்துக்கொடுத்துவிட்டு, தயாரிப்பாளரிடம் போய்க் கொஞ்ச நாள் ஓய்வு கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் முட்டாள்தனம் குதித்தது இல்லை, ஓய்வு கேட்டதுதான். தயாரிப்பாளர் தேன் மாதிரிப் பேசினார். "அதுக்கென்ன சாகேப், கல் குவாரியில பாம் வெடிக்கிற மாதிரி ஒரு சீன் வெச்சுடலாம். பாடி கிடைக்காது. ஜனங்க தவிச்சுக்கிட்டு இருப்பாங்க. முட்டி சரியானதும் திரும்பி வாங்க, ஊரே திருவிழா கொண்டாடும்" என்றார்.

அத்திபெலே பக்கத்தில் ஒரு குவாரியில் அந்த சீன் எடுத்தோம். சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலந்து நான்தான் ரத்தம் பூசினேன். ஷாட் முடிந்தது. அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் வேனிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் தொழிலில் இது ஒரு சாஸ்திரம். சாகிற மாதிரி நடித்தவர், ஷாட் முடிந்ததும் படுத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். யாருக்கும் போட்டுக் காட்டுவதற்கு இல்லை. செத்தது பொய் என்று சாமிக்குச் சொல்வதற்கு. பிறகு பூசணிக்காய் சுற்றி உடைத்தால் தோஷம் கழியும். பூசணிக்காயைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீ கிளாஸைக்கூடக் கணக்குப் பார்க்கிற அந்த மேனேஜர், திரும்பி வரப்போகிறவனுக்காகப் பூசணிக்காய் வாங்கமாட்டார்.

சாகேப்புக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்தார். "பாடி கிடைக்காதுன்னுதானே சீனு? அப்பறம் இது எதுக்கு?" என்று கேட்டார்.

"சாஸ்திரத்துக்கு சாகேப். சும்னே, பேருக்கு ஒரு சிரிப்பு சிரிச்சுடுங்க, உடைச்சுட்டு ஊட்டாவுக்குப் போலாம், சோறு ஆறுது" என்றார் மேனேஜர்.

"நான் சாவலையே. சாவாதவன் எதுக்குச் சிரிக்கணும்? சிரிச்சா, செத்தேன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். நான் திரும்பி வர்றவன்."

எல்லோரும் கெஞ்சிப் பார்த்தோம். டைரக்டர் வந்து சொன்னார், கேமராமேன் சொன்னார், "ஒரு வாட்டி பல்லைக் காட்டிட்டு வா சாகேப், உனக்கு நல்லதுக்குத்தான்" என்று நானும் சொன்னேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் சிரிப்பில்லாமலேயே பூசணிக்காயை உடைத்தார்கள். நொண்டிக்கொண்டே போய் ஜீப்பில் ஏறியபோது, தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கதையில் அவருடைய தம்பி என்று ஒரு பையன் வந்தான். சின்ன வயசு, நல்ல முட்டி. ஒவ்வொரு சண்டைக்குப் போகும் முன்பும் சுவரில் இருக்கும் அண்ணன் படத்துக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போவான். சாகேப் வீட்டில் உட்கார்ந்து வாராவாரம் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் மாலை இல்லை. மாலை இல்லாதவரை தான் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "இந்த வாரமும் போடல அண்ணா" என்பார் என்னிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் மாலை ஏறிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஆட்டோ பிடித்து செட்டுக்கு வந்து, "யாருடா மாலை போட்டது?" என்று கத்தினார். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள் பயந்துபோய், "சுவரு காலியா தெரியுதுன்னு டைரக்டர் சொன்னாரு சார்" என்றான். அவ்வளவுதான் காரணம். ஒரு மனிதனைக் கொல்ல எங்கள் தொழிலில் அதற்குமேல் தேவையில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. தம்பியாக நடித்த பையன் பைக் ஷாட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஜெனரேட்டர் ஒருநாள் தீப்பிடித்தது. உடனே மேனேஜர், "அவன் சிரிக்காம செத்தான் இல்ல, அதான்" என்றார். எந்த வயரை மாற்ற வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. பேச்சு ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்குப் போனது. எங்கள் ஊரில் நடிக்கத் தெரியாதவனுக்கு வேலை உண்டு, குடித்துவிட்டு வருகிறவனுக்கும் வேலை உண்டு, ராசி இல்லாதவனுக்கு மட்டும் கிடையாது. சாகேப் போன் செய்தால் எடுக்கமாட்டார்கள். நேரில் வந்தால், அவர் போனபிறகு வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. தினசரி சீரியல்கள் வந்தன. தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்த சண்டையெல்லாம் சமையல்கட்டுக்குள் வந்துவிட்டது. சண்டை சீரியல்களில் இருந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஒருவர் ஜிம் வைத்தார். ஒருவர் இன்சூரன்ஸ் விற்றார். வில்லன்கள் மட்டும் பிழைத்துக்கொண்டார்கள். வில்லனுக்கு வயதானால் மாமனார் ஆகலாம். ஹீரோவுக்கு வயதானால் சுவரில் படம்தான். சாகேப்பின் விஷயத்தில் அது உவமைக்குச் சொன்னது இல்லை, நிஜமாகவே நடந்தது. அந்த ஃபிரேம் போட்ட போட்டோ மாலையோடு கோடவுனில் கிடந்தது. புது சீரியலில் செத்துப்போன அப்பா வேண்டுமென்றால், அதைத் தூசி தட்டி எடுத்து மாட்டினார்கள். ஆளைக் கூப்பிட்டால் தோஷம், படத்தை மாட்டினால் தோஷமில்லை. ஏனென்று மேனேஜரைக் கேட்டேன். "படத்துல இருக்கிறவன் எப்படியும் செத்தவன்தானே" என்றார். இப்படியாக, யாருமே வேலைக்குக் கூப்பிடாத அந்த மனிதர், பெங்களூரிலேயே அதிக சீரியல்களில் தெரிகிற முகமானார்.

அவர் அத்திபெலேயில் ஒரு கிரில் பட்டறையில் மறுபடி வெல்டிங் ராடு பிடித்தார். முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி இருப்பதால் யாரும் அடையாளம் கண்டு விசாரிப்பதில்லை என்று அதிலும் ஒரு சௌகரியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பிறகு ஒருநாள் மத்தியானம், நாங்கள் ஒரு பங்களாவில் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வந்து நின்றார். மீசை நரைத்திருந்தது, ஆனால் முறுக்கியிருந்தார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, தொப்பையில் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. மேனேஜரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்புதான் சார். இப்ப சிரிச்சுடறேன். ஒரே ஒரு ஷாட்டு. தோஷம் கழிஞ்சுடும். அப்பறம் கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்."

கையோடு பூசணிக்காயும் வாங்கி வந்திருந்தார்.

மேனேஜர் கேமராமேனைப் பார்த்தார். கேமராமேன் கண்ணடித்தான். எனக்குத் தெரியவில்லை, சாப்பாட்டுக்கு முன் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாக ரத்தம் கலக்கினேன். பங்களா வாசலில், வெறும் தரையில், நல்ல வெயிலில் அவர் மல்லாக்கப் படுத்தார். முட்டியை மடக்க முடியாமல், இரண்டு கையையும் ஊன்றி மெல்லப் படுத்தார். அன்று குவாரியில் பூசிய அதே இடத்தில், நெற்றியிலும் உதட்டோரத்திலும் பூசினேன். "அண்ணா, மீசை சரியா இருக்கா?" என்று கேட்டார். "ரோலிங்" என்றான் கேமராமேன். சாகேப் செத்தார். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தார். எத்தனையோ வருடமாகத் தொண்டைக்குழியோடு நின்றுபோன சிரிப்பெல்லாம் ஒன்றாக மேலே வந்த மாதிரி, முன்பல் இடைவெளி தெரிய, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவருக்கு இவ்வளவு அழகான சிரிப்பு இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மடையர்.

பூசணிக்காயை அவரே உடைத்தார். ரத்தத்தைத் துடைக்கவிடாமல், ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் கேட்டைத் தாண்டியதும் கேமராமேன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான். உள்ளே கேசட்டே இல்லை. மொத்த யூனிட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இவனுக்கெல்லாம் டேப்பை வேஸ்ட் பண்ணுவாங்களா?" என்றார் மேனேஜர். கையில் இருந்த சிவப்புப் பாகைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவர்கள் நாசமாகப் போகவில்லை. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. போன வருடம் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்கு யூனிட்டிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். அவர் இறந்தது சீரியல்காரர்களுக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்தாலும் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மாலை எப்போதோ போட்டாகிவிட்டது.

மகள் வீட்டில் அந்த சீரியல் முடிவதற்குள் என் போன் அடித்தது. சாகேப்பின் மனைவி. டி.வி.யில் அவர் படம் வருகிற நாளெல்லாம் கூப்பிடுவார்.

"இன்னிக்கு வந்தாரு அண்ணா, பாத்தீங்களா? கோட்டு போட்டுக்கினு எடுப்பா இருந்தாரு."

"பாத்தேன்மா."

"கல்யாண போட்டோவுலகூட முறைச்சுக்கினுதான் நிக்கிறாரு. வீட்ல சிரிச்ச மாதிரி ஒண்ணு இல்ல. நீங்கல்லாம் அவரு சிரிச்சதைக் கேமராவுல புடிச்சீங்களாமே, கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. பேரப் புள்ளைங்களுக்குக் காட்டணும் அண்ணா. அந்தக் கேசட்டு கெடைச்சுதா?"

டி.வி.யில் மாமியார் படத்தின் முன்னால் நின்று, நீங்கள் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று அழுதுகொண்டிருந்தாள். சாகேப் மாலைக்குப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்மா" என்றேன். மகள் சேனலை மாற்றினாள்.