பறக்கும் பனியன்

வீரபாண்டிப் பக்கம் குழந்தைகளுக்கான உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு முதலாளிக்கு வெப்சைட் செய்து தர ஒப்புக்கொண்டேன். ஆள் தங்கமானவர். குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் அவர் அனுப்பப்போகும் லிங்க்குகளைப் பற்றி என்னை யாரும் எச்சரிக்கவில்லை.

என் ஆபீஸ் வேலம்பாளையத்தில், ஒரு எம்பிராய்டரி யூனிட்டுக்கு மேல்மாடி. கீழே மிஷின் ஓடும்போது மேசையில் இருக்கும் டீ கிளாஸ் தானாக நகரும். அதுவரை எனக்கு அந்த ஒரு அனிமேஷன் போதுமானதாக இருந்தது. முதலாளியோ விடியும்போதே வாட்ஸப்பில் வந்துவிடுவார். 'இது மாதிரி வேணுமுங்க' என்று ஒரு லிங்க். பல் துலக்குவதற்குள் 'இத விட இது சூப்பருங்க' என்று இன்னொன்று.

உலகத்தில் பரிசு வாங்கிய வெப்சைட்டுகளை எல்லாம் அப்படித்தான் பார்த்தேன். ஒரு சென்ட் கம்பெனி. திறந்தால் கறுப்புத் திரை, அதில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் ஓடும். நூறு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் மெதுவாகச் சுழலும். அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு வாசமாவது அடித்திருக்கலாம். ஒரு நாற்காலிக் கம்பெனியில் திரையைக் கீழே தள்ளத் தள்ள நாற்காலி கழன்று, திருகாணிகள் வானத்தில் மிதந்து, மறுபடி சேர்ந்துகொள்ளும். என் வீட்டு நாற்காலி இப்படிச் செய்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுத் திட்டுவேன். வீடு கட்டுபவர்கள் சிலர் மெனுவையே ஒளித்து வைத்திருந்தார்கள். மவுஸை அருகில் கொண்டுபோனால் எழுத்துகள் சிதறி ஓடின. இவர்கள் கட்டும் வீட்டுக்கு வாசல் இருக்குமா என்று சந்தேகமாக இருந்தது.

எல்லாமே மோசம் என்று சொன்னால் பாவம். ஒரு சின்னத் தேயிலைக் கம்பெனியின் பக்கத்தில், நாம் பார்க்கும் வேளைக்கு ஏற்ப மலையின் மேல் வெளிச்சம் மாறும். காலையில் பார்த்தால் பனி, சாயங்காலம் பார்த்தால் மஞ்சள். அது ஒன்றைத்தான் பொறாமையோடு பார்த்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "எதுமே நகரலீங்களே" என்றார்.

வாராவாரம் அவர் அறையில் கூடுவோம். சுவரில் பெரிய டிவி. அதில் அவர் லிங்க்குகளை ஓட்டுவார். அவர் மனைவி ஓரத்து மேசையில் சாம்பிள் உடுப்புகளை டேப் வைத்து அளந்துகொண்டிருப்பார். கம்பெனியை உண்மையில் நடத்துவது அந்த அக்காதான் என்பது வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் தெரியும்.

"எப்புடீங் அம்மிணி? அசந்துட்டீங்களா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார் முதலாளி.

"நல்லாத்தானுங்ண்ணா இருக்குது. இவங்க என்ன விக்கறாங்க?"

யோசித்தார். "கீழ போனா வருமுங்க."

கீழே போனோம். கறுப்புத் துணி ஒன்று காற்றில் ஆடியது. இன்னும் போனோம். மேகம். கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. அர்த்தம்: மௌனத்தைத் தொடுங்கள்.

அக்கா டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மௌனத்தத் தொடறதுக்கு இவ்வளவு தூரம் போகோணுமா? நீங்க அந்த டிவிய அமத்துனாப் போதுமே."

முதலாளி அசரவில்லை. அவருக்கு ஒரு கனவு இருந்தது. திரையின் மேலிருந்து ஒரு குழந்தைப் பனியன் பறந்து வரவேண்டும். கீழே தள்ளத் தள்ள நூல் ஓடி அந்தப் பனியன் பின்னப்பட்டுக்கொண்டே போகவேண்டும். பின்னால் ஃபேக்டரி ஒரு வேகத்திலும், மேகம் வேறு வேகத்திலும் நகரவேண்டும்.

என்னோடு வேலை செய்யும் கோடிங்காரன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏக்கா, அவருக்கு எதுக்கு வெப்சைட்டு? பேசாம ஒரு ராட்டினம் வாங்கிக் குடுத்துருவமே" என்றான். சொல்லிவிட்டு அவனே ராப்பகலாக உட்கார்ந்து அதைச் செய்தான். நானும் சேர்ந்துகொண்டேன். அடுத்தவன் செய்தால் கூத்து, நாம் செய்தால் கலை. எங்கள் பனியன் அழகாகப் பறந்தது. நூல் வளைந்து வளைந்து திரை முழுக்க ஓடியது.

இதற்கிடையில் முதலாளியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கூட்டங்களில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காபியை விட்டுவிட்டார். அடிக்கடி எலுமிச்சைச் சாறு வந்தது. ஒருநாள் நான் கிளம்பும்போது அக்கா மாடிப்படியில் நிறுத்தினார்.

"வெளிய சொல்லீராதீங்க அம்மிணி. ஒரு மாசமா அவருக்குக் கிறுகிறுன்னு வருது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லீங்கறாங்க. இவரு நம்ப மாட்டீங்கறாரு. பழனிக்கு மொட்ட வேற நேந்துருக்காரு."

"எப்பங்க்கா வருது?"

"ஆபீஸ்லதான். ஊட்டுல இருந்தா நல்லாத்தான் இருக்காரு. கம்பெனிக் கவலையா இருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊரில் முதலாளிகளுக்குக் கவலைப்படக் காரணத்துக்கா பஞ்சம்?

வெப்சைட்டைத் திறந்து வைக்கும் நாள் வந்தது. டிவிக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். முதலாளி புதுச் சட்டையோடு முன்னால் வந்து மவுஸைக் கையில் எடுத்தார். பனியன் பறந்து வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கீழே தள்ளினார். நூல் ஓடியது, ஃபேக்டரி சரிந்தது, மேகம் எதிர்ப்பக்கம் போனது. முதலாளியின் முகம் வெளுத்தது. ஒரு கையால் சுவரைத் தேடினார். பிறகு கட்டிங் வேஸ்ட் துணி போடும் கூடையைப் பக்கத்தில் இழுத்து, அதற்குள் குனிந்து, காலையில் சாப்பிட்ட இட்லியை எல்லாம் ஒப்படைத்தார்.

அறை காலியானது. அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பனியனை மேலே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று மவுஸைத் தொட்டேன். டிவியில் எல்லாம் பின்னோக்கி ஓடியது.

"வேண்டாமுங், வேண்டாமுங்!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினார் முதலாளி. அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

அக்கா டிவியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இப்ப எப்படி இருக்குதுங்?" "பரவால்ல." உடனே அக்கா டிவியைப் போட்டு, "அம்மிணி, கொஞ்சமா ஓட்டுங்க" என்றார். தயங்கித் தயங்கி ஒரு விரலளவு தள்ளினேன். முதலாளி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் சாம்பிள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தார். "காலைல இருந்து பொழுதுக்கும் இவ்வளவு பெரிய டிவில இதயே பாத்துட்டிருந்தா, கிறுகிறுக்காம என்ன செய்யும்?"

"சிரிக்காத" என்றார் முதலாளி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "தலைக்குள்ள கட்டீன்னே முடிவு பண்ணீட்டேனுங் அம்மிணி. ஸ்கேன்ல வரலீன்னா அவங்க சரியாப் பாக்கலீன்னு நெனச்சேன். புள்ள கல்யாணத்துக்கு இருப்பனோ மாட்டனோன்னு..." அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சாயத் துணி ஏற்றிய ஒரு லாரி போவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும் என்பது எங்கள் தொழிலில் புதிய செய்தி இல்லை. அசைவைக் குறைத்துக்கொள்ளப் போனிலேயே வசதி உண்டு. கண் உடலிடம் "நகர்கிறோம்" என்று சொல்லும், உடல் "உட்கார்ந்துதான் இருக்கிறோம்" என்று சொல்லும், நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். பரிசு கொடுப்பவர்களுக்கெல்லாம் கெட்டியான வயிறு போலிருக்கிறது.

புதிதாகச் செய்தோம். மேலே மெனு, அதற்குப் பக்கத்தில் போன் நம்பர், உடுப்புகளின் படங்கள், ஃபேக்டரியின் படங்கள். முதலாளி ஒன்றுக்கு மட்டும் மல்லுக்கட்டினார். "பனியன் இருக்கட்டுங். பறக்காம இருக்கட்டும்." அப்படியே முதல் பக்கத்தில் அது அசையாமல் நின்றது. பறந்த பனியனைக் கோடிங்காரன் தன்னுடைய வேலைகளைக் காட்டும் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்து ஒரு நகைக்கடைக்காரர் அவனைத் தேடி வந்தது வேறு கதை.

மொட்டை விஷயத்தில் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. நோயே இல்லை, அதனால் நேர்ந்தது செல்லாது என்பது முதலாளியின் கட்சி. "கிறுகிறுப்பு நின்னுச்சா இல்லீங்களா?" என்று கேட்டார் அக்கா. "நின்னுச்சு." "அப்பக் கெளம்புங்க."

பழனியிலிருந்து வந்த மறுநாளே 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் படம் எடுக்க நான் போகவேண்டியிருந்தது. முடி வளரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் மினுங்க, தையல் மிஷின்களுக்கு முன்னால் வந்து நின்றார். படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அக்கா தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, தலைக்குப் பின்னால லேசா ஒரு வெளிச்சம் சுத்தற மாதிரி வெக்க முடியுமுங்களா?"

"வெளிச்சம் வெக்கறேனுங்ண்ணா" என்றேன். "சுத்தாது."