இல்லை என்று எழுதாதவர்

முப்பது வட்டம் முடிந்ததும் அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்து மாடியிலிருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார். மனத்துக்குள் இருபது எண்ணுகிறார். அது கண்ணுக்கு ஓய்வாம். யாராவது குறுக்கே வந்து நின்றால், "தொட்டியை மறைக்காதே" என்பார். மறுபடி குனிகிறார். இடது கை திருகைத் திருப்ப, வலது கையிலிருக்கும் எண்ணும் கருவி டக் என்கிறது. வட்டம் முப்பத்தொன்று.

வட்டம் என்பது லென்ஸ் வழியாக ஒரே பார்வையில் தெரியும் இடம். ஸ்லைடில் காய்ந்து ஊதாச் சாயம் ஏறிய ஒரு சொட்டு ரத்தத்தில் அப்படி இருநூறு வட்டம் பார்த்து, மலேரியாக் கிருமி உண்டா என்று எழுத வேண்டும். இருபத்தாறு வருஷமாக அக்காவுக்கு இதுதான் வேலை. பெரிய டாக்டர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். அதே ஆய்வு நிலையத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிற எனக்கு அவருடைய எதிர் மேஜை. அவர் பிடிவாதம் எனக்கு அத்துப்படி. என் சோம்பேறித்தனம் அவருக்கு அத்துப்படி.

விரலில் மோதிரம் போடமாட்டார். கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது பீரோவில் தூங்குகிறது. "நாள் பூரா மோதிரத்தையே தேடிட்டிருக்கேன், விரல்ல வேற எதுக்கு?" என்பார். ரத்தத்தில் இளம் கிருமி அப்படித்தான் தெரியும்: சிவப்புக் கல் வைத்த ஒரு பொடி நீல மோதிரம். மோதிரத்தோடு வருகிறவர் மாப்பிள்ளை அல்லாமல் வேறு யார்? ஆகவே கிருமிக்கு மாப்பிள்ளை என்று பெயர். மரியாதைக்கும் குறைச்சல் கிடையாது. "மாப்பிள்ளை வந்திருக்காரு" என்று அவர் முணுமுணுத்தால் யாருக்கோ மாத்திரை தயார் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

பேனா இரவல் கேளுங்கள், "இல்லை" என்ற சொல் வாயிலேயே தயாராக இருக்கும். மேஜையில் நான்கு பேனா கிடக்கும்போதே சொல்வார். ஆனால் அறிக்கையில் மட்டும் அந்தச் சொல்லை எழுத மாட்டார். நான் அழகாக அச்சடித்து வைத்திருந்த படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதை ஒவ்வொரு தாளிலும் அடித்துவிட்டு, 'காணவில்லை' என்று கையால் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. ஐந்நூறு தாள் வீணாகிறதே என்று சண்டைக்குப் போனேன்.

"நான் பார்த்தது ஒரு சொட்டுல இருநூறு வட்டம்" என்றார். "அந்த ஆளு உடம்புல அஞ்சு லிட்டர் ரத்தம் ஓடுது. மிச்சத்துல இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? நான் காணலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

காணவில்லை என்றால் போலீஸ் நிலையத்து நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே, 'நிறம் நீலம், கடைசியாக அணிந்திருந்தது மோதிரம்' என்று சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். சிரித்தார், விட்டுக்கொடுக்கவில்லை. படிவத்தை நான்தான் மாற்றினேன்.

இந்த மழைக்காலத்தில் நிலையத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மலேரியாவைத் தடுக்கும் எதிர்ப்பொருளை உடம்பு தானாகத் தயாரிக்கட்டும் என்று காத்திராமல், ஆய்வுக்கூடத்தில் தயாரித்து ஊசி வழியாக ஏற்றிவிடுவது. முன்வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லாருடைய ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வது முரண்பட்டால் அக்காவிடம் வரும். அவர் சொல்வதே முடிவு.

எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொல்லும் விளக்கம் டாக்டர்களுடையதைவிட எனக்குப் பிடிக்கும். "அது வாட்ச்மேன். கொசு கடிச்சு மாப்பிள்ளையை உள்ள விட்டதும் அவரு நேரா கல்லீரலுக்குத்தான் ஓடுவாரு. அரை மணி, ஒரு மணி நேரம். அதுக்குள்ள வழியிலயே மடக்கிடணும். உள்ள போய் உட்கார்ந்துட்டா, ஒத்தை ஆளு ஆயிரக்கணக்குல பிள்ளை குட்டியோட வெளிய வருவாரு. அப்புறம் வாட்ச்மேன் விசில் ஊதி என்ன பிரயோஜனம்?"

முன்வந்தவர்களில் அவருடைய தம்பியும் ஒருவர். லாரி ஓட்டுகிறவர். மூன்று தடவை மலேரியா வந்து, மூன்றாவது தடவை பாதி வழியில் நினைவு தப்பி, வண்டியோடு ஓரமாகக் கிடந்து பிழைத்தவர். இன்னொரு தடவை வந்தால் எந்தச் சாலையில், யார் கண்ணில் படுவான் என்பதுதான் அக்காவின் கவலை. அவர்தான் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டார்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள் முரண்பட்ட ஸ்லைடு ஒன்று வந்தது. ஒருவர் 'காணப்பட்டது' என்றும் மற்றவர் 'காணவில்லை' என்றும் எழுதியிருந்தார்கள். அதுவரை நோய் கண்டவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதால் நிலையமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று கூடினாலும் பெரிய டாக்டருக்கு முகம் வாடிவிடும். அவரே வந்து கதவருகே நின்றார். தொட்டியை மறைக்காமல் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். நூறு தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. நூற்று எழுபத்தொன்றில் டக் சத்தம் நின்றுபோனது.

சாயத் தூசியாக இருக்குமோ என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். தூசிகூடச் சில சமயம் மோதிர வேஷம் போடும் என்பது உண்மைதான். அக்கா திருகை மெல்ல ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"தூசிக்குச் சிவப்புக் கல் இருக்காது சார்" என்று எழுந்து, நாற்காலியை அவருக்கு விட்டார். டாக்டர் பார்த்தார். தலையாட்டினார். அதோடு விட்டாரா அக்கா? உட்கார்ந்து மீதி இருபத்தொன்பது வட்டத்தையும் பார்த்து முடித்த பிறகே பேனாவை எடுத்தார்.

அறிக்கையைத் தட்டச்சு செய்து நர்ஸிடம் கொடுத்தேன். மருந்து கொடுக்க ஆளைக் கூப்பிட வேண்டுமே, அதற்காக அவர் பெயர்ப் பதிவேட்டைத் திறந்தார். திறந்தவர் என்னைப் பார்த்தார். அக்காவின் தம்பி. லாரியில் சுமை ஏற்றி, ஒன்பது நாள் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காய்ச்சல்கூட இன்னும் தொடங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தித் திரும்ப அழைத்தோம். சங்கதியைச் சொன்னபோது அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று இருபதோடு நிறுத்தவில்லை. நான் அவசர அவசரமாக ஏதோ தாளைத் தேடினேன்.

போன வாரம் சோதனை முடிந்து யாருக்கு எது என்று எண்களைப் பிரித்தார்கள். நோய் கண்டவர்களில் நாற்பத்தொரு பேர் உப்புத் தண்ணீர்ப் பக்கம், ஆறே பேர் மருந்துப் பக்கம். பெரிய டாக்டர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆறு பேரில் தம்பியும் ஒருவர்.

கடைசிப் பரிசோதனைக்கு வந்த தம்பிக்கு அது பெரிய மனத்தாங்கல். அக்காவின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நிஜ மருந்து ஏறியும் தனக்கு மட்டும் வேலை செய்யவில்லையே என்று புலம்பினார்.

"வாட்ச்மேனும் மனுசன் மாதிரிதாண்டா, ஒரு நேரம் கண் அசந்துடுவான்" என்றார் அக்கா, லென்ஸிலிருந்து தலையை எடுக்காமல். "அதுக்குத்தான் நான் ஒருத்தி இங்க உட்கார்ந்திருக்கேன்."

தம்பியின் ஸ்லைடுதான் லென்ஸின் கீழே இருந்தது. சோதனை முடிந்துவிட்டதால் மறைக்க எதுவுமில்லை. இருநூறாவது டக் கேட்டது. காணலை என்றார் அக்கா.

தம்பி விடவில்லை. நாளைக்கு வண்டி எடுக்க வேண்டும், வீட்டில் மனைவி பயந்துகொண்டிருக்கிறாள் என்றார். "உங்க அக்கா வாயால இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கா. எனக்காக ஒரு தடவை சொல்லிடேன்."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. எண்ணும் கருவியைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பார்வை தெளிய ஸ்லைடில் இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை முதல் மூலைக்கு நகர்த்தி, மறுபடி குனிந்தார்.

டக்.