ஒரு கைக்கு ஒரு வாளி

பிளைவுட் துண்டின் விளிம்பை விரல் தடவிப் பார்த்தது. ஓரிடத்தில் பிசிறு. உப்புத்தாளை மடித்து மெதுவாக நான்கைந்து இழுப்பு, மறுபடி தடவல். வயர் உரசப்போகும் இடம் அது. அங்கே கூர்மை மிஞ்சினால் ஒரே குளிர்காலத்தில் மேலுறை கிழிந்து செம்பு வெளியே தெரியும். இடது கட்டைவிரல் நகத்தில் பழைய சுத்தியல் அடியின் கறுப்பு. அந்தக் கைகளுக்கு அவசரம் என்பதே கிடையாது.

லோர்னா ஹைக்கிலாவின் கைகள். சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் ஊருக்குப் பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டியது பாதி நேரம்தான், மீதி நேரம் அதன் அடியில் மல்லாந்து கிடந்தார். இயந்திர வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய கேக் தட்டில் அடுக்குவார், தலைகீழ் வரிசையில் பூட்டுவார். ஓட்டை போடவேண்டிய இடத்தை இன்று குறித்தால் நாளைக் காலை இன்னொரு முறை அளந்துவிட்டுத்தான் துளைப்பார்.

இந்தத் தடவை வேலை பக்கத்து வீட்டு வெண்டல் ப்ரூவுக்கு. ஒரு காலத்தில் ஏரியில் வலை போட்டவர். பிறகு மரத்தில் மீன் செதுக்க ஆரம்பித்தார். பனிக்கட்டியில் துளை போட்டு, உண்மை மீனை ஈர்ப்பதற்காக உள்ளே இறக்குகிற மரமீன். போன இலையுதிர் காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய இடது கையைக் கொண்டுபோனது. மரத்தை மேசையில் பதித்த இடுக்கியில் மாட்டிக்கொண்டு வலது கையாலேயே செதுக்கப் பழகிவிட்டார். பழக முடியாதது ஒன்றுதான்: பட்டறையில் மரத்தூளை உறிஞ்சும் வேக்குவத்தின் வயர். சக்கரம் வைத்த பீப்பாய், அதன்மேல் மோட்டாரும் வயரும் உள்ள மூடி, அதுதான் அந்த வேக்குவம்.

அவருடைய மகள் கொரீன் லோர்னாவின் வீட்டு வாசலிலேயே நின்று, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"லோர்னா, நான் சும்மா மிரட்டல. போன வாரம் அந்த வயர்ல கால் மாட்டி விழுந்துட்டாரு. இடுப்பு தப்பிச்சதே பெரிசு. ஞாயித்துக்கிழமை வருவேன். அப்பவும் தரையில வயர் கெடந்துச்சுன்னா ரம்பத்த வித்துட்டு ஷெட்டப் பூட்டிடுவேன்."

"சுத்தி வைக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எந்தக் கையால?"

லோர்னா உள்ளே போய்த் தன் கோட்டை எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றித்தான் பழக்கம். அப்படிச் சுற்றச் சுற்ற முறுக்கு ஏறி, கொஞ்ச நாளில் வயர் பன்றிவால் மாதிரி சுருண்டுகொள்ளும். அந்தப் பழக்கத்துக்கும் இரண்டு கை வேண்டும். வயரைச் சுற்றுவதற்காக வேக்குவத்தில் கடைக்காரன் வைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் கொக்கி இரண்டும் விரல் நீளம்கூட இல்லை. வெண்டல் வயரைத் தரையிலேயே விட்டுவிடுவார். மரத்தூள் அதன்மேல் விழுந்து மூடிவிடும்.

லோர்னா வேக்குவத்தைத் தன் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மரக்கொக்கிகள் செய்தார். அவற்றை மூடியில் மாட்டினார், பீப்பாயில் அல்ல. கொக்கியைப் பீப்பாயில் மாட்டிவிட்டு, குப்பை கொட்டும் நாளில் தன் வயராலேயே பீப்பாயோடு கட்டுண்டு கிடக்கும் மூடியை எங்கள் தெருவில் பலர் பார்த்து விழித்திருக்கிறோம், நானும்தான். புது ஓட்டை எதுவும் போடவில்லை. கைப்பிடியின் திருகுகளையே நீளமாக மாற்றிக்கொண்டார். வயரைச் சுற்றிப் பார்த்தார். அது சீராகப் படிந்தது. இனி கவலையில்லை என்று வெண்டலிடம் கொண்டுபோனார்.

வெண்டல் வயரைப் பிடித்துச் சுற்றினார். வேக்குவம் தன் சக்கரங்களில் உருண்டு அவரை நோக்கி வந்தது. அந்தப் பக்கம் போய்ச் சுற்றினார். அதுவும் திரும்பிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

"லோர்னா, இதுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. விட மாட்டேங்குது."

"விளையாடாத, நேரா நின்னு சுத்து."

"நான் நேராத்தான் நிக்கிறேன். அதுதான் சுத்துது."

லோர்னா தன் இடது கையைப் பார்த்தார். ஷெட்டில் சோதித்தபோது அந்தக் கை, அவரைக் கேட்காமலே, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இடது கையை ஏப்ரன் பட்டைக்குள் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் யோசித்தார். சக்கரத்துக்கு பிரேக் வைக்கலாம், ஆனால் வெண்டல் ஒவ்வொரு முறையும் குனியவேண்டும். கைப்பிடியைச் சுழற்றி வயரைச் சுற்றும் உருளை வைக்கலாம், ஆனால் அதையும் இன்னொரு கை பிடித்தாக வேண்டும். தவிர, பாதி வயரை உருளையிலேயே விட்டுவிட்டு மோட்டாரை ஓட்டினால் வயர் சூடேறும். வெண்டல் நிச்சயம் பாதியை விடுவார். இரண்டையும் ஒதுக்கினார்.

சனிக்கிழமை காலை லோர்னா, வெண்டல், நான் மூவரும் மீன் பிடிக்க ஏரியின் பனிமேல் இருந்தோம். லோர்னா மீனைப் பார்க்கவில்லை. மரமீனை மேலே எடுத்துக்கொண்டிருந்த வெண்டலைப் பார்த்தார். வெண்டல் வலது கையால் கயிற்றை ஒரு முழம் இழுப்பார், பூட்ஸால் மிதித்துக்கொள்வார், இழுத்ததைப் பக்கத்து வாளிக்குள் விடுவார், அடுத்த முழம். எதையும் சுற்றவில்லை. கயிறு தானாக மடிப்பு மடிப்பாக வாளியில் விழுந்தது. மறுபடி இறக்கியபோது ஒரு சிக்கல்கூட இல்லாமல் வெளியே ஓடியது.

"என்ன அப்படி மொறைக்கிற?" என்றார் வெண்டல்.

"கயித்த நீ சுத்தி வைக்கறதே இல்லையா?"

"எதுக்கு? படகுல வலையையே பெட்டியிலதான் விடுவோம். விழற மாதிரி விழட்டும். கடைசியா போனது முதல்ல வரும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே? கொக்கி கொக்கியா செஞ்சிட்டிருந்தேனே."

"நீ வேக்குவத்த ரிப்பேர் பண்றேன்னு சொன்ன. மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லல."

லோர்னா தூண்டிலைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

பர்கர் கடையில் ஒரு காலி ஊறுகாய் வாளி வாங்கினார். அதைப் பாதி உயரத்துக்கு அறுத்தார். அறுத்த விளிம்புக்கு நெடுக்காகப் பிளந்த தோட்டக்குழாயைப் போர்த்தினார். மோட்டாரின் காற்றுத் துளைகளை வாளி அடைத்துவிடக் கூடாது என்று மூன்று பிளைவுட் கால்களின்மேல், வேக்குவத்தின் மூடியிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினார். வயர் வாளியின் அடியில் ஒரு பிளவு வழியாக உள்ளே நுழையும்படி வைத்தார். இயந்திரத்தோடு சேர்ந்த முனை எப்போதும் அடியில் இருக்கும், பிளக் எப்போதும் மேலே வரும். பிளக்கைத் தொங்கவிட விளிம்பில் ஒரு வெட்டு. பிறகு இடது கையை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, இழுத்து விட்டு இழுத்து விட்டு, திருப்தி வரும்வரை செய்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொரீன் ஒரு கையில் காபியோடு ஷெட்டின் நடுவில் நின்றாள். வெண்டல் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வேக்குவத்தின் பக்கத்தில் வந்து நின்று வயரை இழுத்து இழுத்து வாளிக்குள் விட்டார். இழுபட்டது தரையில் கிடந்த வயர் மட்டும்தான். வேக்குவம் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் பிளக்கை வெட்டில் மாட்டிவிட்டு மகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு நான் நிக்கிறேன்னு செய்யறாரு," என்றாள் கொரீன். "நாளைக்கு?"

"நீயே ஒரு தடவ செஞ்சு பாரு," என்றார் லோர்னா. "ஒரு கையால."

கொரீன் வயர் முழுவதையும் தரையில் இழுத்துப் போட்டாள். காபி இன்னும் ஒரு கையில் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் வயரை எடுத்தாள். முதலில் முறைப்பாக, பிறகு வேகமாக. காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வயர் முழுவதும் உள்ளே போனதும் பிளக்கை மாட்டிவிட்டு, இடுக்கிக்கும் ரம்பத்துக்கும் நடுவே வெறும் தரையில் ஒரு நடை நடந்து வந்தாள்.

"ஊறுகா வாசனை அடிக்குது," என்றாள்.

"அதுக்குக் காசு கெடையாது," என்றார் லோர்னா.

கொரீன் அப்பாவைப் பார்த்தாள். "சரிப்பா. ரம்பம் இருக்கட்டும். ஆனா நான் சொல்லாமக் கொள்ளாம வருவேன்."

"வா. வரும்போது கறி வெச்ச பாஸ்டி கொண்டா."

லோர்னா மூன்று கால்களின் திருகுகளையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மூடியின்மேல் படிந்திருந்த தூளைச் சட்டைக் கையால் துடைத்து, வேக்குவத்தை வெண்டலின் வலது பக்கமாகத் திருப்பி, உறிஞ்சும் குழாயின் கைப்பிடியை அவருடைய வலது கையில் கொடுத்தார்.

"இந்தா, பிடி."