ஒரு டி.வி., இரண்டு பெட்டி

கம்ப்யூட்டர் கடையில் வேலை என்றால் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது என்று நினைக்காதீர்கள். அதைப் பார்க்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பதில் சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு போதும் என்றேன். அப்படியானால் டைப்ரைட்டிங் போ என்றார் அப்பா. அதற்குள் பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். அவருக்குச் சிங்கப்பூர் மச்சான் ஒரு டி.வி. கேம் அனுப்பியிருந்தார். திரையில் இரண்டு பக்கமும் இரண்டு கோடு, நடுவே ஒரு பந்து, குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் பந்தைத் தட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய அண்ணன் மகன் மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, ஜாதகம் கணிக்கும் புரோகிராமை ஒரு கேஸட்டில் போட்டுத் தந்து, புரோகிராம் எழுதவும் எனக்கு அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். இரண்டு பெட்டிக்கும் திரை வேண்டும். கடையில் டி.வி. ஒன்றுதான். அதனால் காலையில் ஜாதகம், மாலையில் பந்து.

அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆடி முடியட்டும் பிள்ள. எதுக்குக் கூட்டம் வருதோ அது இருக்கும். மத்தது போயிரும்." பந்துப் பெட்டி ஸ்விட்சைத் தட்டினால் ஓடும், அதற்கு நான் தேவையில்லை. கம்ப்யூட்டர் போனால் நானும் போக வேண்டியதுதான், நேராக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு.

தூக்கிப் பார்த்தவர்

பக்கத்து ஜவுளிக்கடை முதலாளி வந்து, இரண்டில் எதற்குச் சக்தி அதிகம் என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குத்தான் என்றேன். பந்துப் பெட்டிக்கு அந்த ஒரு ஆட்டம்தான் தெரியும், செய்யும்போதே உள்ளே பதித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் நாம் எழுதிக் கொடுப்பதையெல்லாம் செய்யும் என்று விளக்கினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று தூக்கி, பட்டுப்புடவையின் ஜரிகையை எடை பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் தலையாட்டினார். அந்தக் கனம் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மருடையது, மூளையுடையது இல்லை என்றேன். முடிவு சரி, காரணம்தான் தப்பு. இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? கம்ப்யூட்டரை மெல்லக் கீழே வைத்தபடி சொன்னார்: "நீ சின்னப் பொண்ணு. கனம் பொய் சொல்லாது. சரக்கு இதுலதான் இருக்கு."

அரை மணி நேரம்

கேஸட் கீச்கீச்சென்று கத்தி முடித்த பிறகு நாள், நேரம், ஊர் எல்லாம் தட்ட வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் கணக்குப் போட அரை மணி. விடையை நான் பார்த்துக் கட்டத்தில் எழுதித் தருவேன்.

ஒரு நாள் ஒரு குடும்பத்தை ஏற்றிவந்த சைக்கிள் ரிக்ஷாக்காரர் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார். "சாயங்காலம் ஓடுற பொட்டி பந்து வர்றதும் பட்டுனு திருப்பி அனுப்புது. இது இன்னாம்மா, இன்னும் முழிச்சிக்கினே கீது?" என்றார். எனக்கு எரிச்சல். அதற்கு ஒரு பந்துதான், இதற்கு ஒன்பது கிரகம், ஒவ்வொன்றாகக் கணக்குப் போட வேண்டாமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஒரே ஆளு ஒம்போது வூட்டு வேலை செஞ்சா லேட்டாத்தாம்மா ஆவும். அத்தப் போய் திட்டாதே."

எந்தப் பஞ்சாங்கம்

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா பெண்ணின் ஜாதகத்தோடு வந்தார். கம்ப்யூட்டர் சந்திரனை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்தது. இது திருக்கணிதம், உங்களுடையது பழைய வாய்பாட்டை வைத்துப் போடுகிற வாக்கியப் பஞ்சாங்கம், அதுதான் வித்தியாசம் என்றேன். வாக்கியத்துக்கு மாற்று என்றார். மாற்ற முடியாது, கிரகம் நிஜமாக எங்கே இருக்கிறதோ அதைத்தான் இது சொல்லும் என்றேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: "கிரகம் ஆகாசத்துல எங்கே வேணா இருந்துட்டுப் போறது. எங்காத்துல அது எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லச் சொல்லு."

வேகம்

பொழுது போகாமல் புரோகிராமைப் படித்துப் பார்த்தேன். போட்ட கணக்கையே அது திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் வெட்டி எறிந்தேன். அரை மணி வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்தவர்கள் நங்கநல்லூர்த் தம்பதி. அந்த அம்மா நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் விடை வந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். அதே விடை, அதே வேகம். கணவர் எழுந்து வந்து, கம்ப்யூட்டருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல என் பக்கம் குனிந்தார். "பஸ் மாறி வந்திருக்கோம்மா. பொண்ணு வாழ்க்கை. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லச் சொல்லேன்."

ஆடி

ஆடி பிறந்தது. ஜாதகத்தோடு ஒரு ஆள் வரவில்லை. பந்துப் பெட்டிக்கோ பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் வரை பையன்கள். அண்ணாச்சி இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார்.

சரி, கம்ப்யூட்டரிலேயே பந்து ஆட்டம் எழுதிக் காட்டுவோம் என்று உட்கார்ந்தேன். அது செய்வதை இது செய்யும், இது செய்வதை அது செய்யாது என்று எல்லோர் முன்னாலும் நிரூபித்துவிடலாமே. ஆட்டம் வந்தது. ஆனால் பந்து ஊர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் நான் எழுதிய வரிகளையெல்லாம் கம்ப்யூட்டர் முதலிலிருந்து படித்துப் புரிந்துகொண்டு, அப்புறம்தான் பந்தை நகர்த்தியது. அந்தச் சின்னப் பெட்டிக்கு இந்தப் படிக்கிற வேலையே கிடையாது. பந்து விஷயத்தில் அதுதான் கெட்டிக்காரப் பெட்டி என்று அண்ணாச்சியிடம் நானே சொல்லிவிட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருடைய பேரன் குமார் திரையைப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான். "அக்கா, பந்து வந்துட்டே இருக்கட்டும். நான் வீட்டுக்குப் போய் டிபன் சாப்பிட்டுட்டு வந்து அடிக்கிறேன்."

ஊர்ந்த பந்து

பையன்கள் போன பிறகு அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பந்துப் பெட்டியில் பேரனிடம் அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவர் குமிழைத் திருகுவதற்குள் பந்து போயே போயிருக்கும். இங்கே பந்து வந்தது, அவர் பொத்தானை அழுத்தினார், பட்டது. மறுபடி வந்தது, மறுபடி பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அவர் மனைவி ஆச்சி, "என்னத்த அப்படிப் பாக்கீய?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எதிர்க்கோட்டைப் பிடித்தவர், அவரைத் தோற்கடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அப்புறம் என்ன? ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்து ஜவுளிக்கடைக்கு வந்த அம்மாக்கள், அவர்களைக் கூட்டிவந்து வாசலில் நின்று அலுத்த அப்பாக்கள், எல்லோரும் மடியில் பையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பஞ்சாங்கம் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாற்காலி போதாமல் ரேடியோப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டேன்.

ஆடிக் கடைசி நாள். எது போகிறது அண்ணாச்சி என்று நேராகவே கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பந்துப் பெட்டியைப் பேரன் வீட்டுல வச்சுக்கிடட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன் பிள்ள, இந்தப் பந்தை வேகப்படுத்துதேன்னு கையை வச்சே, உனக்கு வேலை கிடையாது."

வேகமாக ஓட வைத்தால் சம்பளம் தருவார்கள் என்று நினைத்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மெதுவாக ஓட வைப்பதற்குத்தான் தருகிறார்கள்.