சவரியம்மாள் வீட்டில் ஆளில்லை

சங்க வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. கைதட்டல் மட்டும் உண்டு, அதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பலகை சுமந்து மேடை போட்டு, கூட்டம் கலைந்த பிறகு பஸ் இல்லாத ஊரில் தனியாக நின்ற தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு நடந்த அநியாயங்களை நான் வரிசை மாற்றிச் சொன்னதில்லை. முதலாவது, என் அப்பாவைப் பண்ணையில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். இரண்டாவது, ஏன் என்று கேட்கப் போன அண்ணனை ஊரைவிட்டே விரட்டினார்கள். மூன்றாவது, கூலி உயர்வு கேட்டபோது வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார்கள். நான்காவது, எங்கள் ஓட்டில் ஆட்சிக்கு வந்தவர்கள் பண்ணை வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது, குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த பிறகும் சவரியம்மாளின் குடிசையைப் பறிக்கப் பார்த்தார்கள்.

சவரியம்மாள் கணவனை இழந்த வேதக்காரி, கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் தெருவில் நடவுக்கும் களைக்கும் போகிறவர். மற்ற நேரமெல்லாம் பிள்ளைப்பேறு, காய்ச்சல், சாவு என்று யார் வீட்டிலாவது இருப்பார். அதைத்தான் பண்ணைக் காரியக்காரர் சாம்பசிவம் பிடித்துக்கொண்டார். அந்தக் குடிசையில் ஆளே இல்லை, அது காலி மனை என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார். அந்த அம்மாளால் என் தொழிலுக்கு ஏற்பட்ட சங்கடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குடம்

குறுவை அறுவடையை நிறுத்தியிருந்தோம். போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் அரிவாளுடன் இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம். வாசகம் என்னுடையது, நல்ல வாசகம். உச்சி வெயிலில் நாங்கள் வரப்பில் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போது, சவரியம்மாள் இடுப்பில் குடத்தோடு எங்களைக் கடந்து வயலில் இறங்கினார். அவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்தான். முதல் நாள் அவர் வீட்டில் உலை ஏறவில்லை.

நான் குறுக்கே போய் நின்றேன். "இது துரோகம். நம்ம வயித்துல அடிக்க வந்தவங்க இவங்க" என்றேன். "ஆமா, எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு" என்றார். குடத்தை இறக்கவில்லை. நான் நகரும்வரை சேற்றில் நின்றார். பிறகு, புரியாத பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"வேலைநிறுத்தம் கைக்குத்தானே தம்பி, தொண்டைக்குமா?"

முன்வரிசை

ஆட்சி மாறியதும் எங்கள் சங்கம் கரையத் தொடங்கியது. என்னோடு லத்தியடி வாங்கியவர்களில் ஒருவர் பதவி வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். நான் மட்டும் பழைய கறுப்புத் துண்டோடு மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போட்டேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு கடைக்கார மரைக்காயர் கொடுத்த இரவல். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியும் விட்டில் பூச்சிகளைத் தவிர யாரும் வரவில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது சவரியம்மாள் வந்தார். தெற்குத் தெருவில் ஒரு கிழவரின் பிணத்தைக் குளிப்பாட்டிவிட்டுத் தானும் குளித்து, ஈரப் புடவையோடு வந்திருந்தார். முன்னால் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஆளே இல்லை, நான் கிளம்புறேன்" என்றேன். அவர் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நீங்க பேசுங்க. மாதா கோயில்லயும் சில நாள் நான் ஒருத்திதான் இருப்பேன். அதுக்காகச் சாமியார் பூசையை நிறுத்துறதில்லை."

நில உச்சவரம்பைப் பற்றி முழுதும் பேசினேன். நடுவில் அவர் தூங்கிவிட்டார். இந்தத் தொழிலில் அதையெல்லாம் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விழித்ததும் கேட்டார்:

"முடிஞ்சிருச்சா தம்பி? நல்லா இருந்துச்சு."

சாட்சி

குடிசையை நேரில் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போனார். சவரியம்மாள் அங்கேதான் குடியிருக்கிறார் என்று தெருவில் யாராவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மனை போய்விடும். நான் வீடுவீடாக ஏறினேன். சிலருக்குச் சாம்பசிவத்தின் மேல் பயம். நடவு நெருங்குகிறது, ஆள் கூப்பிடுவது அவர்தான். பயத்துக்கு என்னிடம் பேச்சு இருக்கிறது. அதைப் பேசிச் சிலரைச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினேன்.

கடைசியாக அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அஞ்சலைக்குப் பயம் கிடையாது, சாம்பசிவத்தையே வாய்க்கால் கரையில் வைத்துத் திட்டியவள். அவள் பிரசவத்தில் பிழைத்ததும், அவள் மாமனார் நிம்மதியாகச் செத்ததும் சவரியம்மாள் கையில்தான். "அந்த வீட்டுல அவங்க இருக்கிறதைப் பார்த்தேன்னு சொல்லு, போதும்" என்றேன். அஞ்சலை பொய் சொல்லத் தெரியாதவள். எனக்கு உதவத்தான் பார்த்தாள்.

"அவங்க வீட்டுல அவங்க இருந்து நான் பார்த்ததே இல்லையே தோழர். எப்பவும் எங்க வீட்டுலதானே இருந்தாங்க."

மூங்கில் முளை

அந்த யோசனையிலேயே வாய்க்கால் கரையோரம் நடந்தவன், வெட்டி விட்ட மூங்கில் முளையில் காலை வைத்துவிட்டேன். பாதத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. மதகில் உட்கார்ந்து, கூப்பிட யார் பெயரும் நினைவுக்கு வராமல் இருந்தேன். ஊர் ஊராக ஆயிரம் பேரைத் தெரியும். வலிக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மாதா கோயிலைப் பெருக்கிவிட்டு வந்த சவரியம்மாள்தான் என்னைப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தன் குடிசைக்குக் கூட்டிப்போனார்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் உட்கார்ந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். பண்ணைக்காரன் காலைக் கழுவிப் பிழைப்பவர்களைப் பற்றி நான் துண்டறிக்கையே போட்டிருக்கிறேன். "மனுஷன் காலை மனுஷன் தொடக் கூடாதுன்னு ஊர் ஊராப் பேசுறவன் நான். விடுங்க" என்றேன். அவர் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். நான் குனியப் பார்த்து, வலியில் நிமிர்ந்தேன்.

"குனிய முடியலேல்ல? நீட்டுங்க. பேச்சை அப்புறம் பாத்துக்கலாம்."

அடுப்பு

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முதல் நாள் அஞ்சலையின் குழந்தைக்கு ஜன்னி கண்டது. "இன்னைக்குப் போகாதீங்க. காலையில நீங்க இல்லேன்னா வீடு போயிடும்" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. "பிள்ளை போயிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விடிந்தும் திரும்பவில்லை. கோபம் தாங்காமல் அவர் குடிசைத் திண்ணையிலேயே படுத்திருந்தவன், வரும்போது பசியோடு வருவாரே என்று எழுந்து, நொண்டிக்கொண்டு போய் அடுப்பு மூட்டினேன். அதுவரை அடுப்பு மூட்டியறியாதவன். கஞ்சியைவிடப் புகைதான் அதிகம் வந்தது.

அந்தப் புகைக்குள் இன்ஸ்பெக்டர் குனிந்து நுழைந்தார். பின்னால் சாம்பசிவம், சாட்சிக்குத் தலையாரியும் மரைக்காயரும். இன்ஸ்பெக்டர் அடுப்பின் மேல் கையைக் காட்டி, "சுடுதே. ஆள் இருக்கற வீடுதானே இது" என்றார். "இவன் மூட்டினது சார். மேடை மேடையாத் திரியற ஆள். அவ எங்கேன்னு கேளுங்க" என்றார் சாம்பசிவம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

"என் தம்பிங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சவரியம்மாள் கண் சிவந்து நின்றார். "பிள்ளை கண்ணைத் திறந்துடுச்சு" என்று என்னிடம் சொன்னார். சாம்பசிவம் சிரித்தார். "வேதக்காரி பொய் சொல்லலாமா? இவன் உன் கூடப்பிறந்தவனா?"

"கோயில்ல எல்லாரையும் சகோதரர்னுதான் சொல்றோம். அது பொய்யின்னா சாமியாரைக் கேளுங்க" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. காலி மனை இல்லை, ஆள் குடியிருக்கும் வீடு என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தம்பி பெயர் என்ன என்று கேட்டார். சவரியம்மாள் என் பெயரைக் கேட்டதே இல்லை. "தோழர்னு கூப்பிடுவாங்க" என்றார். "இந்தப் பக்கம் எல்லாப் பேரும் வைக்கிறாங்கப்பா" என்று இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். திருத்தத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, ஆனால் வாழ்நாளெல்லாம் ஊரைக் கூட்டியவனை ஒரு வீட்டு ஆளாகச் சேர்க்க, ஜெபமாலைக்காரி ஒருத்தியும் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்ட அரசு ஊழியர் ஒருவரும் தேவைப்பட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக, தலையாரியும் மரைக்காயரும் கேட்க இன்ஸ்பெக்டர் உரக்க வாசித்தார்: "சவரியம்மாள், உடன் குடியிருப்பவர் தம்பி தோழர்."