"ரெண்டே மணி நேரம்" என்றார் முதலாளி

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகியிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொழும்புக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஒரு கடையில் நான் குமாஸ்தா. அதுவரை கப்பல் டிக்கெட் மட்டும்தான். அந்த வருடம்தான் முதலாளி விமான டிக்கெட்டும் எடுத்துத் தர ஆரம்பித்தார். அதில் கமிஷன் அதிகம்.

ஒருநாள் காலையில் மணப்பாட்டுக்காரர் ஒருவர் தந்தியோடு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். கொழும்பில் கடை வேலைக்குப் போன ஒரே மகன் விஷக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"தம்பி, எதுல போனா வெரசாப் போய்ச் சேரலாம்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அன்று சாயங்காலமே கப்பல் இருந்தது. லாஞ்சுப் படகில் போய்க் கப்பலில் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"கப்பல்ல ராத்திரி பூரா ஆடிக்கிட்டே போவணும் அண்ணாச்சி. பிளேன்னா ரெண்டே மணி நேரம். வெத்தலையப் போட்டுத் துப்புததுக்குள்ள கொழும்பு."

மணப்பாட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. மனைவியின் சங்கிலியை விற்றுக்கொண்டு வந்து டிக்கெட் எடுத்தார். அதன்பிறகுதான், ராத்திரி ரயிலில் திருச்சிக்குப் போய் ஏற வேண்டும் என்று முதலாளி சொன்னார்.

"திருச்சிக்கா?"

"பின்ன, பிளேன் கடல்லயா எறங்கும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனக்குத்தான் விவரம் தெரியவில்லை என்று நினைத்து அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த ரயில் திருச்சிக்குப் போய்ச் சேரும்போது காலை விமானம் போயிருக்கும், அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான் என்பது எனக்குத் தெரியும். சுவரில் தொங்கிய தேசப்படத்தில் அளந்தால், திருச்சியை விடத் தூத்துக்குடிதான் கொழும்புக்குப் பக்கம் என்பதும் தெரியும். தெற்கே போக வேண்டிய மனிதனை வடக்கே அனுப்பினோம். நான் தலையைக் குனிந்து ரசீதின் மையை ஒற்றிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவர் திருச்சியில் காத்துக் கிடந்த முதல் நாள் மத்தியானம் வரை மகன் நினைவோடு பேசிக்கொண்டிருந்தானாம். இவர் போய் இறங்கியபோது அடக்கமே முடிந்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. "அந்த ரெண்டு மணி நேரம் எங்கயிருந்து எங்க, தம்பி?" என்று கேட்டார்.

அதற்கும் முதலாளிதான் பதில் சொன்னார். "திருச்சி ஏரோடிராமுல இருந்து கொழும்பு ஏரோடிராம் வரைக்கும். பிளேன் கம்பெனி புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. நான் பொய்யா சொன்னேன்?"

"நீங்க பொய் சொல்லல அண்ணாச்சி. நான் நின்னது தூத்துக்குடியில."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்காவது முதலாளியின் முகத்துக்கு நேரே நான் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த மாதம் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டேன். முதலாளியின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும், "இவர் தங்கமான மனுஷர், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்" என்று இன்றைக்கு யாராவது என்னைப் புகழும்போது வருகிற கோபம் அதைவிடப் பெரியது.